தூக்க ஆறு பேர்

காகிதத்தில் ஒரு நீள்கட்டம் போட்டு, அதன் இரண்டு பக்கமும் மும்மூன்று கோடு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் டாக்கெட். கோட்டுக்கு ஒரு பெயர். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர். லெட்டி இரண்டு கோடுகளை நிரப்பிவிட்டாள். அத்தையின் புருஷன் கார்ல் மாமா, அவர் மகன் டோபி. மூன்றாவது கோட்டின்மேல் பென்சில் முனையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் யாரு?" என்றாள் வெர்னா அத்தை, அடுப்படியிலிருந்து.

"தெரியல."

"ரேடியோல சொல்லியாச்சா?"

கேட்ட பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் டேப் ஒட்டி எழுதியிருந்த பெயரைப் படித்தாள். அதை ஏற்கெனவே இரண்டு தடவை படித்தாயிற்று. சாவு வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர்கள் பாத்திரம் திரும்பி வருவதற்காகப் பெயர் ஒட்டி அனுப்புவது வழக்கம். சமையல் மேடையில் மொத்தம் இரண்டே பாத்திரங்கள் இருந்தன. இரண்டும் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவை.

இந்த ஊரில் ஒருவர் செத்தால் அது பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் வரும். ஆர்கன் இசைத்தட்டு அரை நிமிடம் ஓடும். பிறகு அப்பாவின் குரல் பெயர், வயது, குடியிருந்த சாலை, விட்டுச்சென்ற உறவுகள், அடக்கம் எங்கே எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் சொல்லும். இருபத்தாறு வருஷம் அப்பாதான் படித்தார். அவர் படிக்காதவரை யாரும் சாகவில்லை என்றுதான் ஊரில் கணக்கு. ஒருமுறை ராய் ஜென்ட்ரி என்பதற்கு ரே ஜென்ட்ரி என்று படித்துவிட்டார். மீன் பிடிக்கப் போயிருந்த ரே சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் மூன்று பன்றித்தொடையும் பதினோரு பாத்திரம் கேசரோல் சாப்பாடும் இருந்தன. மறுநாள் ஒரு தொடையைத் தூக்கிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்கே போய், "இத நீதான் தின்னணும், என்னால முடியல" என்றாராம்.

அதெல்லாம் போன வருஷம் ஏப்ரலோடு நின்றுவிட்டது.

நின்றதற்குக் காரணம் ஒரு கோடு. எந்த ஊரில் யார் எந்த ரேடியோ கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு கம்பெனி, நாட்டையே சந்தை சந்தையாகப் பிரித்து வைத்திருந்தது. ஒருநாள் வரைபடத்தைத் திருத்தி, இந்த ஊரான வியன்னா இருக்கும் மாவட்டத்தை அறுபது மைல் தள்ளியிருக்கும் நகரத்தின் சந்தையோடு சேர்த்துவிட்டார்கள். அன்று அப்பா சாப்பாட்டு மேசையில் அதை விளக்கினார். தட்டு நகரம், உப்புக் குப்பி நாம். குப்பியைத் தூக்கித் தட்டுக்குள் வைத்தார். "நேத்து வரைக்கும் ஒண்ணுல நாம ஒண்ணாவது. இன்னிலேர்ந்து நாப்பதுல முப்பத்தெட்டாவது."

"நாம எங்கயும் நகரலியேப்பா?"

"அதான் நானும் சொன்னேன்."

முப்பத்தெட்டாவது நிலையத்துக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. டிராக்டர் கடைக்காரர்கூட நகரத்து ஏஜென்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். நிலையத்தை நகரத்துக் குழுமம் ஒன்று வாங்கியது. பாட்டும் பேச்சும் அங்கிருந்தே வந்தன. சாவு அறிவிப்பு கேட்பவர்களை விரட்டும் என்றார்கள். அப்பாவின் குரலில் அவர்கள் விட்டுவைத்தவை இரண்டு. ஒன்று, வெப்பநிலை. ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து முதல் மேலே நூற்றைந்து வரை ஒவ்வொரு எண்ணாகப் பதிந்து கொடுத்திருந்தார்; தேவையானதை இயந்திரம் எடுத்து ஒலிபரப்பும். விவசாயிகள் அதற்காகவே ரேடியோவை அணைக்காமல் வைத்திருந்தார்கள். மற்றது, மணிக்கொரு தடவை நிலையத்தின் நாலெழுத்து அடையாளப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்வது. அது சட்டம். சொல்லாமல் விட முடியாது.

நேற்று மத்தியானம் மூன்றேகாலுக்கு அப்பாவின் மூச்சு நின்றபோது கட்டிலருகே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். ரேடியோவில் அப்பா, "நாற்பத்தொன்று" என்றார். லெட்டி கட்டிலைப் பார்க்கவில்லை. ரேடியோவைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்கு எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. காதில் தண்ணீர் புகுந்ததுபோல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அழவும் இல்லை. ஒரே ஒரு பயம் மட்டும் இருந்தது. மார்ச்சில் ஹாப்ஸ் கிழவியின் அடக்கத்துக்கு அப்பாவோடு அவளும் போயிருந்தாள். ரேடியோவில் சொல்லாததால் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். டாக்கெட்டும் அவருடைய டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஏற்றத்தில் டிரைவருக்குக் கால் வழுக்கி, பெட்டியின் ஒரு மூலை தரையில் இடித்தது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது.

நாளைக்கு அதே மேடு. ராத்திரி மழையும் பெய்திருந்தது.

"நான் ஒரு பக்கம் புடிக்கறேன்னு சொன்னேன்," என்றாள் லெட்டி. "சக்கர வண்டியில வெச்சுத் தள்ளிடலாம்னார் டாக்கெட்."

"மேட்டுல சக்கரம் ஏறாது. அந்தாளுக்கே தெரியும்." அத்தை பாத்திரத்தை மூடினாள். "நீ அதுல ஏதோ போட்டியே, போன்ல. அதுல யாரும் வரலியா?"

"ஸ்கூல் பசங்க நாப்பது பேர் இதயம் போட்டிருக்காங்க."

"இதயத்த வெச்சு என்ன பண்றது, ஆளுக்கொரு கை குடுத்தாப் பரவால்ல. உங்கப்பன் காலம்பூரா ஒரு பெட்டிக்குள்ள உக்காந்து பேசினான். தீவனக் கடையில வாயத் தொறந்தாத்தான் அவன் யாருன்னே தெரியும். அதுவும் அவன் இழுத்து இழுத்து குட்மார்னிங் சொல்லி முடிக்கறதுக்குள்ள கடை சாத்திடுவாங்க."

அத்தை சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு சிங்க் பக்கம் திரும்பினாள்.

லெட்டி நகரத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மூன்று பேரிடம் மாற்றிவிட்ட பிறகு ட்ரென்ட் என்பவன் வந்தான். நிகழ்ச்சிகளைக் கவனிப்பவன். நல்ல மாதிரியாகத்தான் பேசினான்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்கப்பா டுவெய்ன் பெரிய ஆளு. அவர் குரல எல்லாம் இன்னிக்கே எடுத்துடறோம். இறந்தவர் குரல் ஓடினா குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்கும், இல்லியா? பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை வரும், அதோட சரி. ஒரு மணிலேர்ந்து புதுசா ஒரு பொண்ணோட குரல்."

"பன்னெண்டு மணிக்கு அவர் செத்தத சொல்ல முடியுமா? அடக்கம் எப்பன்னு மட்டும்."

"அங்க எத்தனை பேர் கேக்கறாங்கன்னே எங்களுக்குக் கணக்குல வரதில்லம்மா. நகரம் முழுக்கக் கேக்கற நேரம் அது. வியன்னாவுக்குன்னு தனியா…"

வி-யன்னா என்றான், ஆஸ்திரியாவில் இருக்கும் ஊரைச் சொல்வதுபோல. இங்கே பிறந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எழுதுவதுதான் வியன்னா. சொல்வது வையன்னா.

"சரி," என்று போனை வைத்தாள்.

சுவரில் மணி பதினொன்றே கால். ஆணியில் அப்பாவின் சாவிக்கொத்து தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு, டாக்கெட்டின் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கடி போற?"

"அப்பாவுக்குப் போட டையக் காணோம்னு சொன்னியே அத்தை. ஸ்டேஷன்ல இருக்கும்."

நீல டை எதிரே நாற்காலியில்தான் கிடந்தது. அத்தை அதைப் பார்த்தாள். லெட்டியைப் பார்த்தாள். "ரோடு ஈரமா இருக்கும், பாத்து ஓட்டு," என்று மட்டும் சொன்னாள்.

நிலையம் சோளக் காட்டு நடுவே கோபுரத்தின் அடியில் ஓட்டு வீடு மாதிரி நின்றது. இப்போது அங்கே யாரும் வருவதில்லை. இயந்திரம் மட்டும் ஓடுகிறது. உள்ளே அப்பாவின் காப்பிக் கோப்பை அடிக்கறையோடு இருந்தது. லெட்டி அதை நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். பத்து வயதிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாஸ்வேர்ட் அவளுடைய பிறந்த நாள்.

திரையில் பன்னிரண்டு மணிக்கு நேரே பச்சையாக ஒரு கட்டம். நீளம் பத்து விநாடி. முன்னாலும் பின்னாலும் நகரத்துக்கு ஒதுக்கியது. அந்தப் பத்து விநாடி மட்டும்தான் இங்கிருந்து போவது.

அப்பாவின் பதிவை ஓட்டிக் கேட்டாள். நாலெழுத்து. ஒரு இடைவெளி. பிறகு, வை… யன்னா. வேறு யாராவது சொன்னால் நாலு விநாடி. அப்பாவுக்கு ஒன்பது. பின்னால் ஒட்டுவதற்கு ஒரு சொல்லுக்குக்கூட இடமில்லை. நாலெழுத்தை வெட்டிச் சுருக்கிப் பார்த்தாள். அப்பா அவசரப்படுவதுபோல, வேறு யாரோபோல இருந்தது. வெட்டியதை அப்படியே திரும்ப ஒட்டினாள்.

மணி பதினொன்று நாற்பத்தாறு.

மைக்கை வாய் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் பதிந்தாள். அப்பா படிக்கும் வரிசையிலேயே படித்தாள். பத்தொன்பது விநாடி வந்தது. சாலைப் பெயரை எடுத்தாள். ஐம்பத்தேழு என்ற வயதை எடுத்தாள். பதினான்கு. அத்தையின் பெயரை எடுத்தாள். அத்தை மன்னித்துவிடுவாள். பன்னிரண்டரை. இன்னும் மிச்சமிருந்தது, "மகள் லெட்டி" என்பதுதான். அதையும் எடுத்தாள். ஒன்பதே முக்கால்.

சேமிக்கப் போனபோது திரை கேட்டது: இதே பெயரில் ஒரு பதிவு இருக்கிறது, பழையதை அழிக்கவா?

இன்னொரு தடவை அப்பாவின் பதிவை ஓட்டிக் கேட்டாள். பன்னிரண்டுக்கு ஊர் கேட்கப்போகும் கடைசி வையன்னா அது. உரிமம், அபராதம், அரசாங்கம் என்று அப்பா சொல்லிக் கேட்ட சொற்கள் எல்லாம் தலைக்குள் வந்தன. ஹாப்ஸ் கிழவியின் பெட்டிக்குள் நகர்ந்த சத்தமும் வந்தது. பிறகு 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

பன்னிரண்டு அடிக்க, நகரத்து மெத்தை விளம்பரம் முடிந்து ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. நாலெழுத்து. "வையன்னா. டுவெய்ன் ப்ருவிட் இறந்துட்டார். அடக்கம் நாளைக்கு ரெண்டு மணி, மேட்டுக் கல்லறை. தூக்க நாலு பேர் வேணும்." உடனே ஒரு பாட்டு தொடங்கியது. அதற்கு முன் எதுவுமே சொல்லப்படாததுபோல அது பாட்டுக்கு ஓடியது.

லெட்டி எழுந்திருக்கவில்லை. மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்துவைத்தாள். பாட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது.

ஸ்டூடியோ போனில் மணி அடிக்காது. விளக்கு மட்டும்தான் மின்னும். அதன் எண் ஊருக்கே மனப்பாடம். முதல் விளக்கு மின்னியது. அது போன் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டுவெய்னோட பொண்ணா?" ஒரு ஆண் குரல். பின்னால் மாடு கத்தியது.

"ஆமாங்க."

"ஹெர்ஷல் மாட்டிங்லி. மேட்டு ரோட்டுக்காரன். கொட்டாய் கழுவிட்டு இருந்தேன். பன்னெண்டாச்சே, அவன் குரல் வரலியே, மெஷின் கெட்டுப்போச்சோன்னு பாத்தேன்."

தண்ணீர்க் குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கம்மாவுக்கு அவன்தான் படிச்சான்," என்றார். "நான் வர்றேன். ஆனா கண்ணு, எனக்கு எடது கை ஆகாது. வலது கையாலதான் புடிக்க முடியும். அதுக்குத் தக்கன பக்கம் போட்டுக்க."

"சரிங்க."

போனை வைத்தாள். இரண்டாவது விளக்கு மின்னத் தொடங்கியிருந்தது. லெட்டி காகிதத்தின் நீள்கட்டத்தைத் தனக்கு நேராகத் திருப்பிவைத்தாள். வலது கை என்றால் பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று உடனே பிடிபடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, வலது கையைப் பக்கவாட்டில் இறக்கி, கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கிப் பார்த்தாள்.