பிந்தி வரும் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் என் கணவரும் சேர்ந்து தொடர் பார்ப்போம். நான் எங்கள் வீட்டுக் கூடத்தில். அவர் கடல் தாண்டி, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி கொடுத்த அறையில். ஃபோனில் வீடியோ அழைப்பு போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் ஓட விடுவோம். தனியாகப் பார்க்கக் கூடாது என்பது சத்தியம்.

இந்த முறை ஆறு பாகத்தில் ஒரு பனிச்சிறுத்தை ஆவணத்தொடர். மலையில் கூடாரம் போட்டு மூன்று குளிர்காலமாக சமையல்காரரையும் சேர்த்து நாலு பேர் ஒரு சிறுத்தைக்காகக் காத்திருக்கிறார்கள். ஐந்து பாகம் முடிந்தும் கண்ணில் பட்டது வால் நுனி மட்டும்தான். எனக்கோ அதிலேயே பைத்தியம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. "கண்ணாடி எப்பம்மா ரெடியாகும்?" என்று கேட்டவரிடம், "அந்தச் சமையல்காரர் பனியில வழுக்குவாரு பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். பாவம் அவர்.

சமையல்காரர் விழும்போதெல்லாம் நான் சிரிப்பேன். ஒரு நொடி பிந்தி என் கணவரின் சிரிப்பு வரும். லைன் அப்படி என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை என் கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன். கண்ணாடிக்கடைக்காரி லட்சணம் அது. வீட்டில் டேப்லெட்டைத் திறந்து, தொடர் பார்க்கும் செயலியில் 'மேலதிகாரி' என்று பெயர் வைத்த என் கட்டத்துக்குப் பதில் 'மாப்பிள்ளை' என்ற அவர் கட்டத்தைத் தட்டிவிட்டேன். ஆறாம் பாகத்தின் கீழே, பார்த்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது.

"என்ன அண்ணி, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் என்னோடு இருக்கும் நாத்தனார்.

"உங்கண்ணன் கடைசி பாகத்தைத் தனியா பாத்துட்டாரு."

"தனியாத்தான் பாத்தானா?" என்றவள், என் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, சும்மா சொன்னேன். ஒரு சிறுத்தைக்கா இவ்வளவு?"

சிறுத்தைக்கு இல்லை. அவர் போய் எட்டு மாதம். வர இன்னும் பத்து மாதம். இதற்கிடையில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் இது ஒன்றுதான். அதுவும் அவருக்கு அலுத்துவிட்டதா?

மறுநாள் எண்ணினோம், ஓட விட்டோம். பாதியில் ஒரு காட்சி: வெறும் பனி. மனிதன் இல்லை, மிருகம் இல்லை. நான் வேண்டுமென்றே கலகலவென்று சிரித்தேன்.

ஒரு நொடி பிந்தி அவரும் சிரித்தார்.

"என்னங்க, அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அது... அந்தச் சமையல்காரர்..."

"சமையல்காரர் இந்தப் பாகத்தோட ஆரம்பத்துலயே ஊருக்குப் போயிட்டாரு. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "எல்லாத்தையும் முந்தின நாளே பாத்துடுவேன். ஆறு பாகமும். போன தொடரும்தான்."

"ஏன்?"

"சிறுத்தையைப் பாக்கறதா, உன்னைப் பாக்கறதா? ஒரே நேரத்துல ரெண்டும் முடியல. நீ சிரிச்சா சிரிப்பேன். நீ கண்ணைத் தொடச்சா மூக்க உறிஞ்சுவேன்."

"சத்தியம் பண்ணீங்களே!"

"சத்தியத்தை மீறுனது தப்புதான் மேலதிகாரி. ஆனா வேற வழி தெரியல."

திட்ட வாயெடுத்து, அவரைப் பார்த்தேன். காதோரம் நாலைந்து நரைமுடி. கழுத்து இளைத்திருந்தது. கன்னத்தில் துடைக்க மறந்த கிரீஸ். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் எதிரிலேயே இருந்த முகம். நான் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணி! வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று என் பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள்.

டேப்லெட் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் பனியில் காலடித் தடம் மட்டும் இருந்தது. சட்டென்று நிறுத்தினேன்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டிப் பாரேன்" என்றார்.

"வேணாம். நீங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"பத்து மாசம் தாங்குவியா?"

"அவங்க மூணு குளிர்காலம் தாங்கலையா? எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"நானும் பாத்துட்டேனே அண்ணி, நான் என்ன பண்றது?"

"நீயும் வாயைத் திறக்காத!"

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் எதையும் ஓட விடவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான்.