குண்டன் வாலாட்டினான்

பின்னங்கால் அறுவைக்கு வரும் நாய்களுக்கு முதுகுத்தண்டில் போடும் இரண்டு வலி மருந்துகளில் எது நெடுநேரம் தாங்கும்? அதுதான் என் ஆய்வு. பழைய மருந்தே போதும் என்பது எதிர் அறை டாக்டரின் கட்சி. புதியதுதான் என்பது என் கட்சி. எந்த நாய்க்கு எது போனது என்று மயக்க மருந்து கொடுப்பவருக்கு மட்டும் தெரியும். வலியை அளந்து மதிப்பெண் போடும் எனக்குத் தெரியாது. மதிப்பெண் ஐந்தைத் தாண்டினால் உடனே வேறு ஊசி. தாண்டாவிட்டால் கிடையாது.

இந்த நேரம் பார்த்து என் அக்காவின் நாய் குண்டன் படியில் உருண்டு, மூட்டு ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"நல்ல மருந்தாப் பாத்துப் போடச் சொல்லுடி. நீதானே இங்க எல்லாம்?"

"எது நல்லதுன்னு தெரிஞ்சா நான் ஏன்க்கா இந்தப் பாடு படறேன்?"

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அவனை ஆய்வில் சேர்க்கச் சம்மதித்தாள்.

அறுவை முடிந்து குண்டன் கண் விழித்ததும் உள்ளே வரப் பார்த்தாள். வாசலிலேயே மறித்தேன். வளர்த்தவர்களைக் கண்டால் நாய் வலியை விழுங்கிக்கொண்டு வாலாட்டும், மதிப்பெண் கெட்டுப்போகும். அதனால் சொந்தக்காரர் யாருக்கும் அனுமதி இல்லை. நானே போட்ட விதி, படு கறார்.

நான் போனதும் குண்டன் வாலாட்டினான். காயத்தின் பக்கத்தில் மெல்ல அழுத்தினேன். கையை நக்கினான். இரண்டு என்று எழுதினேன். மனசு குதியாட்டம் போட்டது: என் மருந்தாகத்தான் இருக்க வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியே சும்மா திரும்பிப் பார்த்தேன். குண்டன் நடுங்கிக்கொண்டிருந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கித் தூக்கிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமையானால் இவன் என் மடியில்தான் கிடப்பான். அக்காவை வாசலில் நிறுத்திய மகராசிக்கு, தானும் இவனுக்குச் சொந்தக்காரிதான் என்பது மறந்துபோயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே எதிர் அறைக்குப் போனேன்.

"குண்டனுக்கு நீங்க மார்க் போடுங்க சார். என்னைப் பாத்தா வலியை மறைக்கிறான்."

"உங்க மருந்தா இருந்து, நான் கூட்டிப் போட்டுட்டா?"

"போடுங்க. அவனுக்கு வலிக்குது. சீக்கிரம் வாங்க."

அவர் உள்ளே போனார். நான் குண்டன் கண்ணில் படாமல் சுவரோரம் நின்றேன். அவர் கை பட்டதும் அவன் வீலென்று கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. எட்டு. ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முன்னங்காலில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனான்.

"எந்த மருந்துடி அது?" கண்ணைத் துடைத்தபடி அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஆய்வு முடிஞ்சாதான் தெரியும். எதுவா இருந்தாலும் குண்டன்கிட்ட அது தோத்துப்போச்சு. அப்படியேதான் எழுதுவேன்."

"போய் அவனைப் பாரேன்."

"எனக்கும் அனுமதி இல்லக்கா" என்றேன். பெஞ்சில் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.