கண்ணில் வந்து உட்கார்ந்தவள்

என் வீட்டுக்காரி கிருஷ்ணம்மாள் டீயைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் டீ ஓடி என் காலைச் சுட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அவள் சொம்பைக் கையில் பிடித்தபடி, தம்ளர் எங்கே போனது என்பதுபோல் நின்றாள். வலது கண் வீங்கி மூடியிருந்தது. நெற்றியில் தொடங்கிய கொப்புளங்கள் புருவத்தைத் தாண்டி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தன. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. நடு நெற்றியில் கோடு கிழித்து, இதைத் தாண்டாதே என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. கொப்புளங்களின் மேல் காவியில் ஒரு சிங்கம். வாலாஜாபாத்தில் மண்பானை செய்கிற ராமலிங்கம் எழுதியது. கோழி இறகைக் காவியில் தோய்த்து அவர் அக்கி எழுதினால் எரிச்சல் அடங்கிவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். மூன்று தரம் எழுத வேண்டும். அதுவரைக்கும் முகத்தில் தண்ணீர் படக்கூடாது. காவி அழிந்தால் அக்கி மறுபடி படரும். இரண்டு தரம் ஆகியிருந்தது.

"இன்னாய்யா பாத்துக்கினு இருக்குற? துணி எடுத்துத் தொட" என்றாள்.

"அந்தக் கண்ணு தெரியுதா இல்லையா, அதச் சொல்லு."

"இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குது. உன் மூஞ்சியப் பாக்க அது போதும்."

சிரித்தாள். பட்டுத் தறியில் நெய்கிறவள் அவள். பட்டு இழை தலைமுடியைவிட மெல்லிசு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒன்று அறுந்தால், அத்தனை ஆயிரத்தில் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து முடி போட வேண்டும். அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். கண் போனால் தறிக்குழியில் இறங்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. மூன்றாம் தரம் எழுதுவதற்குக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வேலை செய்கிற சாயப் பட்டறைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே சங்கீதா என்ற நர்ஸ் பொண்ணு ஈரப் பஞ்சை எடுத்ததும் கிருஷ்ணம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வெக்காதம்மா. இன்னும் ஒரு தரம் எழுதணும்."

"ஆயின்ட்மென்ட் போடணும், டாக்டர் கண்ணப் பாக்கணும், இந்தக் காவிய தொடைக்காம எப்படிம்மா?"

"அதுக்குத்தான் சிங்கம் உக்காந்துக்கினு இருக்குதே, அது பாத்துக்கும்."

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். காவி எழுத அவளைக் கூட்டிப்போனவனே நான்தான். எந்த வாயால் துடை என்று சொல்வது?

டாக்டர் சத்யப்ரியா சின்னப் பெண். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தது. திட்டவில்லை. மூக்கு நுனியில் இருந்த கொப்புளத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாலு நாள் முன்னாடியே வந்திருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னது. பிறகு கேட்டது: "சின்ன வயசுல அம்மை போட்டுதா?"

"போட்டுது. பாவாட கட்டிக்கினு திரிஞ்ச வயசு. ஒடம்பு பூரா முத்து. வேப்பிலையிலயே படுக்க வெச்சாங்க."

"அதுதான் இது."

"எது?"

"அன்னிக்கு வந்த அதே கிருமி. தோலுல ஆறிடும். ஆனா ஒடம்ப விட்டுப் போறதில்ல." டாக்டர் தன் காதுக்கு முன்னால் விரலை வைத்தது. "இதுக்கு உள்ளாற, நரம்பு பொறப்படுற எடத்துல போயி தூங்கிடும். எத்தன வருஷம் வேணாலும் தூங்கும். ஒடம்பு தளர்ந்தா முழிச்சுக்கும். முழிச்சு, அந்த ஒரு நரம்பு எங்கெங்க போவுதோ அதே வழியா வெளிய வரும். அதனாலதான் ஒரு பக்கமா நிக்குது. உங்களுக்கு வந்த நரம்பு கண்ணுக்குப் போற நரம்பு."

கிருஷ்ணம்மாளின் கை மெல்ல எழுந்து காதுக்கு முன்னால் அந்த இடத்தைத் தொட்டது. கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, இத்தனை சேலை நெய்து, அத்தனை நாளும் அந்த இடத்தில் ஒருத்தி சத்தம் காட்டாமல் படுத்திருந்தாளா? ஒரு தலைமாட்டில் நாங்கள் மூன்று பேரா படுத்திருந்தோம்?

"தலைக்குத் தண்ணி ஊத்தி, கூழ் ஊத்தி, அனுப்பி வெச்சோமே டாக்டரம்மா" என்றாள். அவள் குரல் ரொம்பச் சின்னதாகியிருந்தது. "போவவே இல்லியா அவ?"

"போகல."

அவளே சங்கீதா பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "தொடம்மா. அக்கிக்குத்தான் தண்ணி ஆவாது. அம்மைக்குத் தண்ணி ஊத்துறதுதான் மொற."

சிங்கம் பஞ்சில் சிவப்பாக இறங்கியது. இமையைப் பிரித்து, கண்ணுக்குள் ஒரு சொட்டு விட்டார்கள். சாயமாம். பட்டுக்குச் சாயம் போட்டே தேய்ந்த கை எனக்கு. கண்ணுக்கும் போடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. மஞ்சளாகத்தான் விட்டார்கள். விளக்கை நீலமாக மாற்றியதும், பக்கத்தில் இருந்த திரையில் அவளுடைய கண் ஒரு குளம்போல் விரிந்து நின்றது. அந்தக் குளத்தின் நடுவில் பச்சையாக ஒரு செடி. கொப்பும் கிளையுமாக, தன்னால் எரிகிற வெளிச்சத்தோடு. எந்தத் தொட்டியிலும் அப்படி ஒரு பச்சையை நான் எடுத்ததில்லை.

"இதுதான் புண்ணு" என்றது டாக்டர். "ஆழமாப் போச்சுன்னா தழும்பாயி பார்வைய மறைச்சிடும். இன்னிக்கே மாத்திரைய ஆரம்பிக்கணும். வேளை தப்பக் கூடாது."

நான் பயந்தது அப்போதுதான் நடந்தது. "அம்மைன்னா மருந்து ஆவாதே" என்றாள் கிருஷ்ணம்மாள்.

அக்கி என்றால் தண்ணீர் ஆகாது. அம்மை என்றால் மருந்து ஆகாது. அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். "அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியும்" என்றது டாக்டர்.

"நான் பாக்கலாமா?"

திரையை அவள் பக்கம் திருப்பினார்கள். நல்ல கண்ணால் கெட்ட கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே அடுத்த ஆளை அனுப்பட்டுமா என்று மணி அடித்தது, டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"எம்மாம் அழகா வந்து உக்காந்துக்கினு இருக்குறா பாருய்யா" என்றாள் என்னிடம். அப்புறம் திரையைப் பார்த்துக் கை கூப்பினாள். ரொம்ப நாள் பழகிய பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் சொன்னாள். "ஆத்தா, எடம் மாறி வந்துட்ட. இத்தினி வருஷம் நீ இருந்தது எனக்குத் தெரியாது, ஒரு வெளக்குகூட வெக்கல. தப்புதான். உன்ன எங்கியும் போவச் சொல்லல. ஆனா இந்தக் கண்ணு எனக்கு வேணும். நீ பழைய எடத்துக்கே போயி தூங்கு."

சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். சங்கீதா அதில் மாத்திரையை வைத்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "தூங்கத்தான் வைக்கப் போறோம்மா. அதுக்கு மேல எங்களாலயும் முடியாது" என்றது.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கன்னத்தில் தழும்போடு கண்டக்டர், ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள், முருங்கைக்கீரைக் கட்டோடு ஒருத்தி. பாதிப் பேருக்காவது சின்ன வயதில் அம்மை போட்டிருக்கும். எனக்கும் போட்டது. இத்தனை பேருடைய காதோரத்திலும் எத்தனை ஆத்தாக்கள் தூங்குகிறார்கள்! கண்டக்டர் விசில் அடித்தபோது, மெதுவாக அடிப்பா என்று சொல்லத் தோன்றியது.

மறு வாரம் போனோம். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. எரிச்சல் மட்டும் ராத்திரியில் எழுப்பிவிடுகிறது என்றாள். டாக்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல கண்ணை ஒரு அட்டையால் மூடியது. எதிர்ச் சுவரில் பலகை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்று, மூன்று கால் நீட்டின ஒரே உருவம், மேலே பெரிதாக, கீழே வரவரச் சின்னதாக.

"கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கோ அந்தப் பக்கம் விரலைக் காட்டுங்கம்மா. அவசரமில்ல."

முதல் வரியில் அவள் மூன்று விரலை விரித்துக் கீழே காட்டினாள். சரி. இரண்டாவதில் வலது பக்கம். சரி. மூன்றாவதுக்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். அறுந்த இழையைத் தேடும்போது அப்படித்தான் சாய்வாள். அதுவும் சரி. சங்கீதா குச்சியை அடுத்த வரியில் வைத்தாள். கிருஷ்ணம்மாளின் கை எழுந்தது. மூன்று விரலும் விரிந்து, எந்தப் பக்கமும் திரும்பாமல், காற்றில் நின்றன. டீ ஊற்ற அந்த மூன்று வரி போதும், அறுந்த இழையைப் பிடிக்க இந்த வரியும் வேண்டும்.