அஞ்சாவது ஏன்

அறிவுச்செல்வன் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சுனந்தாவுக்கு நிம்மதி போயிற்று. வேங்கிக்கால் ஊரை ஒட்டி அவர் நடத்திய ஸ்கூல் பேக் தைக்கும் கம்பெனியில் அவள்தான் சூப்பர்வைசர்.

முன்பு மெஷின்கள் நீள வரிசையில் கிடந்தன. இப்போது லாடம்போல வளைத்துப் போட்டு, வளைவுக்கு ஒரு குழு என்று ஆக்கிவிட்டார். குழுவில் எல்லோருக்கும் எல்லாத் தையலும் தெரிந்திருக்க வேண்டும். அதில் சுனந்தாவுக்கு வருத்தமில்லை. வேலை உண்மையிலேயே சுறுசுறுப்பாக நகர்ந்தது. ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. வாரா வாரம் முன்னேற்ற யோசனை கேட்டார். ஒரு வாரம் மெஷினை அரையடி தள்ளிப் போடச் சொல்வார், மறுவாரம் பழைய இடத்துக்கே இழுக்கச் சொல்வார். கத்தரிக்கோலுக்கு ஒரு மஞ்சள் கோடு, குப்பைத் தொட்டிக்கு ஒரு மஞ்சள் கோடு. அவளுடைய தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக்கூட ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அன்றைய இலக்கை எட்டாவிட்டால் குழு மொத்தமும் இருந்து முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற விதி. சுனந்தா நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டாள். அந்த வாரம் பல நாள் வெறும் வயிற்றோடுதான் படுத்தாள்.

அன்று மத்தியானமும் தோள்பட்டை வார் தைக்கிற இடத்தில் பைகள் குவிந்துகிடந்தன. அங்கே தைக்கிற திரௌபதியின் நாற்காலி காலி. கொஞ்ச நேரம் கழித்து அவள் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, கையிலிருந்த குடையை மடக்கினாள்.

"கோச்சுக்காதீங்கக்கா, இன்னைக்கு ரொம்ப நேரமாயிடுச்சு."

அவளுக்குப் பின்னாலேயே அறிவுச்செல்வன் வந்து குவியலைப் பார்த்தார். "இந்தக் குழுவுல ஈடுபாடு கம்மியாயிட்டே வருது. இன்னைக்கும் இருந்து முடிச்சிட்டே போங்க."

சுனந்தாவுக்குள் ஏதோ அறுந்தது. நேரே சுவரோரம் போய், அங்கே தொங்கிய மணியை ஓங்கி அடித்தாள். மணியை மாட்டியவரும் அவர்தான். யார் குறையைக் கண்டாலும் அடிக்கலாம். அடித்தால் மெஷின்கள் நிற்க வேண்டும். ஐந்து முறை 'ஏன்' கேட்டுக் காரணத்தைப் பிடித்துத் தீர்க்கும்வரை ஓட்டக்கூடாது என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தார். இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

"என்னம்மா?" என்றார். முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"கேளுங்க சார். அஞ்சு தடவ."

"பை ஏன் தேங்குது?"

"திரௌபதி சீட்டுல இல்ல."

"ஏன் இல்ல?"

"பாத்ரூம் போயிருந்தா."

"அதுக்கு ஏன் இவ்ளோ நேரம்?"

"பக்கத்து அரிசி மில்லுக்குப் போகணும். வாட்ச்மேன் சாவி குடுக்குற வரைக்கும் வெயில்ல நிக்கணும்."

"நம்மகிட்டயே இருக்கே, அங்க ஏன் போறாங்க?"

"நம்மளுதுல பெட்டி அடுக்கியிருக்கு."

அவர் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஏன் பாக்கி சார். நானே சொல்றேன். தரையில ஒரு பொருள் இருக்கக்கூடாதுன்னு நீங்கதான் அங்க அடுக்கச் சொன்னீங்க. இடம் மிச்சமாச்சுன்னு போட்டோ எடுத்து மாட்டுனீங்க. அந்தப் பெட்டிய எடுக்கணும்னு இவங்க எல்லாரும் யோசனையா எழுதிக் குடுத்தாங்க. உற்பத்திக்குச் சம்பந்தமில்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

ஒரு மெஷினும் ஓடவில்லை. மற்ற வளைவுகளில் இருந்தவர்களும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"சரிம்மா, நாளைக்கு எடுத்துடலாம். லாரி வர்ற நேரம், இப்ப ஓட்டுங்க."

"தீர்ற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே சார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அவர் சுவரில் இருந்த தன் எழுத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் முதல் பெட்டியைத் தூக்கினார். திரௌபதி எழுந்து கூடப் போனாள், இன்னும் சிலரும் போனார்கள். வெளியே வந்த பெட்டிகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்க ரூம்ல இடம் இருக்கு சார்," என்றாள் சுனந்தா.

பெட்டிகள் எல்லாம் அங்கே போயின. மெஷின்கள் ஓடத் தொடங்கின. அன்று லாரியைக் காலைவரை காத்திருக்கச் சொன்னார்; குழுவை இருக்கச் சொல்லவில்லை.

கிளம்புகிற நேரத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இனிமே போய்வர்ற நேரம் மிச்சம்தானேம்மா? இலக்க கொஞ்சம் ஏத்திக்கலாம்ல?"

சுனந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தக்கூடத் தெம்பில்லை.

"பாத்ரூம் குழாய்ல தண்ணி வரல சார். மொதல்ல அதப் பாருங்க."

அவர் பிளம்பருக்குப் போன் போட்டார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் இன்றைக்கு வருவதற்கில்லை என்றும் அவன் சொல்லிவிட்டான். போனை அணைத்துவிட்டு, முனகிக்கொண்டே தண்ணீர் கொண்டுவர அவரே பக்கெட்டைத் தேடிப் போனார்.