திரையின் வலது மூலை

தொலைக்காட்சித் திரையில் மா மியோங்ஜுவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பதினாறில் ஒரு பங்கு. வலது பக்கம், கீழ் மூலை. செய்தி வாசிப்பவர் வாயால் சொல்வதை, அந்தச் சின்னப் பெட்டிக்குள் நின்றபடி அவள் கையால் சொல்வாள். காது கேளாதவர்கள் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்தப் பெட்டி எதையோ மறைக்கிறது என்று எரிச்சல்படுவார்கள். பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு இது.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. யார் பேசினாலும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மேயர் பேசினால் இவள்தான் மேயர், கொலைகாரன் பேசினால் இவள்தான் கொலைகாரன். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. கிழக்குக் கரைப் பொது ஒளிபரப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் மதித்ததே அந்தக் கண்டிப்புக்காகத்தான்.

கைமொழி அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தோக்சு பிறவியிலேயே காது கேளாதவர். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கையைக் கட்டி உட்காரவைத்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்றார்கள். மூன்றாம் வருஷம் அவர் போகவில்லை. அதனால் எழுத்தும் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கடைப் பலகை படிப்பார், பேருந்து எண் படிப்பார். அரசாங்கம் கைப்பேசிக்கு அனுப்பும் எச்சரிக்கை வந்தால், அது அதிர்வதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்.

மனைவி போன பிறகு ஹான்பாவி கிராமத்தில், பைன் மரக் குன்றுக்குக் கீழே, தனியாகத்தான் இருந்தார். தினமும் செய்தி முடிந்ததும் மகளுக்கு வீடியோ அழைப்பு வரும். திரையில் முதலில் அவர் கைகள்தான் தெரியும்.

"பெட்டி ரொம்பச் சின்னது. உன் விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"கண்ணாடிய மாத்துங்கப்பா."

"மாத்துனா உன் மூக்கு தெரியும். இப்படியே இருக்கட்டும்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு சின்னக் காட்டுத்தீ வந்தது. அன்று மூலையில் யாரும் இல்லை, இவளைக் கூப்பிடவே இல்லை. திரையில் தீயைக் காட்டினார்கள், எங்கே என்று வாயால் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டினார்கள். தோக்சு அதில் ஒரு திசையைப் பிடித்து, கடற்கரைச் சாலையில் நேராகத் தீயை நோக்கியே நடந்து போனார். தீயணைப்பு வீரர் ஒருவர் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து மியோங்ஜு அமைதியாக இருக்கவில்லை.

இரண்டு குளிர்காலம் ஒளிபரப்பு ஆணையத்தின் வாசலில் அட்டை பிடித்து நின்றாள். மனு போட்டாள், கடைசியில் விதி எழுதும் குழுவிலேயே அவளை உட்காரவைத்தார்கள். பேரிடர் ஒளிபரப்பில் கைமொழி கட்டாயம் என்று முதல் வரைவில் இருந்தது. கடைசித் தாளில் 'இயன்றவரை' என்று இருந்தது. அவள் கண்ணில் பட்டது, படாமல் இல்லை. கிடைத்ததை விட்டுவிட வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்று ஊருக்குப் போய் அப்பாவோடு உருளைக்கிழங்கு அடை தின்றுகொண்டே, எண்ணெய்க் கையோடு சொன்னாள்.

"இனிமே ஆபத்துன்னா யார் கையப் பிடிச்சு இழுத்தாலும் போகாதீங்க. டிவியப் பாருங்க. மூலையில நான் வருவேன். எந்தப் பக்கம் போகணும்னு நான் சொல்றேன்."

"நீ வர்ற வரைக்கும்?"

"எடத்த விட்டு அசையாதீங்க."

அவர் தலையாட்டினார். மகள் சொன்னால் அவருக்கு அப்பீல் கிடையாது.

இந்த ஏப்ரலில் காற்று ஒரு வாரமாகப் பைத்தியம் பிடித்தது போல வீசிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மலைமேல் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்றரை மணிக்குள் மூன்று குன்றுகள் எரிந்தன. மியோங்ஜு நிலையத்துக்கு ஓடிவரும் வழியிலேயே அப்பாவை அழைத்தாள். இணைப்பு இல்லை. குன்றின் மேலிருந்த கைப்பேசிக் கோபுரமும் எரிந்துவிட்டது என்று வாசலில் காவலாளி சொன்னார். அவள் அவ்வளவாகக் கலங்கவில்லை, தொலைக்காட்சி இருக்கிறதே.

அவள் நிற்கும் அறை முன்பு துடைப்பம் வைத்திருந்த அறை. ஒரு பச்சைத் துணி, ஒரு கேமரா, காதில் செய்தி கேட்க ஒரு கருவி, அவ்வளவுதான். ஒளிபரப்பில் என்ன போகிறது என்று பார்க்க ஒரு திரை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூன்று முறை பதில் வந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளிபரப்பு போகிறது என்று அர்த்தம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஒன்று நாற்பதுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஊர் ஊராகப் பெயர்கள் காதில் வந்தன. தோளும் முகமும் விரல்களும் சேர்ந்து ஓடின. இரண்டு பத்துக்கு அது வந்தது. ஹான்பாவி மக்கள் கடற்கரைச் சாலையில் இறங்க வேண்டாம், மேட்டிலுள்ள பள்ளி மைதானத்துக்கு உடனே போகவும்.

கைகளால் அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், பதினொரு வருஷத்தில் முதல் முறையாக விதியை மீறினாள்.

"அப்பா. மேல போங்க. பள்ளிக்கூடம். இப்பவே கிளம்புங்க."

மூன்று முறை சொன்னாள். அடுத்த ஊரின் பெயர் காதில் வந்துவிட்டது, அதற்குப் போனாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அவர் பார்த்திருப்பார், செருப்பை மாட்டியிருப்பார், கதவைப் பூட்டலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் வீணாக்கியிருப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு முப்பதுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். பெரிய திரையில் தீயின் வரைபடம் போய்க்கொண்டிருந்தது. வலது கீழ் மூலையில் உதவி எண் ஒன்று கொட்டை எழுத்தில் இருந்தது.

உள்ளே போனாள். தயாரிப்பாளர் பியோ இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றார்.

"பியோ சார், நான் எங்க?"

அவர் திரையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். ஒரு தொலைபேசியைக் கீழே வைத்தார்.

"போன் மேல போன் வந்துச்சு மியோங்ஜு. அந்தப் பொம்பள வரைபடத்த மறைக்குது, எங்க ஊரு எரியுதா இல்லையான்னு தெரியலன்னு கத்துறாங்க. அஞ்சு நிமிஷம்னுதான் எடுத்தேன்."

"எப்ப?"

"ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்ன."

"அரை மணி நேரமா நான் செவுத்துக்கா கை ஆட்டிட்டு இருந்தேன்?"

"மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

"எடுக்கும்போது ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வெளிய வந்து சண்ட போடுவீங்க. அப்ப எனக்குச் சண்ட போட நேரமில்ல." அவர் குரல் உடைந்தது. "விதியிலயும் இயன்றவரைன்னுதானே இருக்கு."

பியோ கெட்டவர் அல்ல. தீயில் தவித்துக்கொண்டிருந்த ஆயிரம் பேர் அந்த வரைபடத்தைத்தான் கேட்டார்கள். கைமொழி பார்ப்பவர்கள் தொலைபேசியில் கத்த மாட்டார்கள், அவர்கள் பெட்டி காணவில்லை என்று எந்த எண்ணுக்கு அழைப்பார்கள்? அவளுக்கு அது எல்லாம் புரிந்தது. புரிந்தும் அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

"போடுங்க. இப்பவே போடுங்க."

திரும்பத் துடைப்ப அறைக்கு ஓடினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, அது அணையவே இல்லை. பெட்டி போட்டாச்சு என்று பியோ காதில் சொன்னார். அவள் கைகளைத் தூக்கினாள். ஆனால் செய்தி முந்திக்கொண்டது. ஹான்பாவி உள்ளிட்ட நான்கு கிராமங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளது.

அந்த வாக்கியத்தை அவள்தான் கைகளால் சொன்னாள். சொல்லிவிட்டு, இருண்டுபோன திரைக்கு, "அப்பா, மேல போங்க" என்றும் சொன்னாள்.

மறுநாள் மேட்டுப் பள்ளியின் உள்ளரங்கில் நீலக் கூடாரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். காலையில் போலீஸ்காரர்கள் அவளை ஹான்பாவிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அப்பா தொலைக்காட்சி இருந்த அறையிலேயே கிடந்தார் என்றார்கள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

கொங் அத்தை தேடிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்து வீடு, பொல்லாக் என்ற கடல் மீனைக் கருவாடாகக் காயப்போட்டு விற்பவள். புருவம் பொசுங்கியிருந்தது. மியோங்ஜுவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தரையைத் தேய்த்தாள்.

"நான் விட்டுட்டு வந்தேன்டீ. வண்டிய வாசல்ல நிறுத்திட்டு உள்ள ஓடினேன். டிவி முன்னால சட்டையெல்லாம் போட்டு, பைய மடியில வெச்சுக்கிட்டு, கெளம்பத் தயாரா உக்காந்திருக்காரு. கையப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேங்கறாரு. அந்த ஒல்லி மனுஷனுக்கு அவ்ளோ பலம் எங்கேர்ந்து வந்துச்சோ."

"ம்."

"ஜன்னல்ல நெருப்பு தெரியுது. எனக்கு உசுருப் பயம் வந்துருச்சு. விட்டுட்டு ஓடியாந்துட்டேன். வரும்போது எங்கிட்ட ஏதோ சொன்னாரு. கைய இப்படி இப்படிக் காட்டி, திரும்பத் திரும்பச் சொன்னாரு." அவள் குரல் இறங்கியது. "ராத்திரியெல்லாம் கண்ண மூடுனா அதுதான் வருது. என்ன விட்டுட்டுப் போகாதன்னு கெஞ்சினாரோ? நீ படிச்சவ, நீயே சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம்?"

கொங் அத்தை தன் சுண்டு விரலை நீட்டி, வயிற்றருகே வைத்து முன்னால் கொண்டுவந்தாள். பிறகு எதிரே கற்பனையில் ஒரு தொலைக்காட்சியின் வலது கீழ் மூலையைச் சுட்டினாள். உள்ளங்கையை மெல்ல அசைத்தாள். கடைசியில் கதவுப் பக்கம் கையைக் காட்டி, போ போ என்றாள். ஒரு சொல்லும் தெரியாமல், எல்லாவற்றையும் பிசகாமல் செய்தாள்.

மியோங்ஜு அதைப் பார்த்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் இந்தப் பெண் சாகும்வரை தூங்க மாட்டாள். அவள் முதுகை நிமிர்த்தி, பதினொரு வருஷமாகச் செய்கிற வேலையைச் செய்தாள்.

"எம் பொண்ணு இன்னும் வரல. அவ வந்து சொன்னதும் நான் கிளம்புறேன். நீ போம்மா."