முறை வராத வீடு

தெருவில் இருபது வீடுகள். புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில், தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் கூடிச் செபம் சொல்வார்கள். பங்குக் கோயிலின் இணையப் பக்கத்தில் வீடுகளின் பெயர்கள் வரிசையாக வரும். அன்பியத் தலைவி சகாயராணி வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பாள். அந்தப் பக்கத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தவள் அதே தெரு ஜெசிந்தா மேரி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அம்மா இறந்து பதினொரு மாதம். அதன் பிறகு வரிசை இரண்டு முறை சுற்றியும் அவள் வீட்டுக்கு முறை வரவில்லை.

தனியாக இருப்பவள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற வீடுகளுக்குப் போவதையும் நிறுத்தினாள். சில நாட்களில் இருட்டும்வரை வாய் திறக்கத் தேவையிருக்காது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ரோசம்மாள் சகாயராணியை மடக்கினாள்.

"ஏன்டி ராணி, ரெண்டு தடவ என் வூட்ட தாண்டிப் போயிட்டியே, இன்னா சேதி? ஒண்டிக்கட்ட வூட்டுக்கு மாதா வரமாட்டாங்களா?"

"நான் இன்னாக்கா பண்றது? போன்ல வர்ற பேரத்தான படிக்கிறேன்."

"அப்ப போனுக்கு என் டீ புடிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. ரோசம்மாளின் மகன் குவைத்துக்குப் போனது போன தவக்காலத்தில்; அன்றிலிருந்து அவளும் தனியாள்தான்.

வீட்டுக்கு வந்து, பக்கத்தில் பெயர்களை வரிசையாக்கும் டெம்ப்ளேட்டைத் திறந்தாள். அவசரத்தில் எழுதியது; நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று. தனியாளின் பெயருக்குப் பின்னால் 'குடும்பத்தினர்' என்று வரக்கூடாது என்பதற்காக, 'ஒருவருக்கு மேல் இருந்தால்' என்று போட்டிருந்தாள். அது அந்த ஒரு சொல்லோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டின் பெயர் வரும் வரி முழுவதும் முடிகிற இடத்தில் முடிந்திருந்தது. ஒருவர் மட்டும் வாழும் வீடு வரியோடு மறைந்துவிட்டது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், வீட்டில் எத்தனை பேர் என்ற பதிவில் இரண்டை ஒன்றாக மாற்றியதும் அவளேதான்.

அத்தனையையும் அழித்தாள். தனியாளா இல்லையா என்பதை மேலேயே ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டாள். கீழே எல்லா வீட்டுக்கும் ஒரு வரி. கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஒரு சின்ன நிபந்தனை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. திரையில் தனியாக வாழும் மூவரின் பெயர்கள் புதிதாக வந்து நின்றன: ஜெசிந்தா மேரி, ரோசம்மாள், இக்னேஷியஸ்.

பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பழி ராணியோடு நின்றுவிடும். வெகுநேரம் கழித்து ரோசம்மாளைப் போனில் அழைத்தாள்.

"ராணியக்கா மேல தப்பில்லக்கா. நான் எழுதுனதுலதான் தப்பு. உங்க வூடும் என் வூடும் அதுல விட்டுப் போச்சு."

மறுமுனையில் ரோசம்மாள் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

"உன் வூடுமாடி? இத்தினி நாளா வாயே தொறக்கலியே."

ஜெசிந்தா திரையில் வரிசையை மேலே நகர்த்தினாள்.

"சரி, இந்தப் புதன் யார் வூடு?"

"என் வூடு."

"நாற்காலி எத்தினி வச்சிருக்க?"

"ரெண்டு."

"ரெண்ட வச்சிக்கினு இன்னாடி பண்ணுவ? எங்கிட்ட நாலு கெடக்கு, வந்து எடுத்துக்கோ."

ஜெசிந்தா போனை வைத்தாள். அம்மாவின் நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள். புதனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.