இரண்டாவது ‘த’

தமிழில் ஒரு காதல் பாட்டைப் பாடச் சொன்னால் என்னால் இப்போது முடியாது. இந்தியில் பாடிவிடுவேன். எனக்கு இந்தி தெரியாது, அதுதான் சௌகரியம். அர்த்தம் தெரியாத காதல் மேலே ஒட்டாது. பாடிவிட்டு, கையை அலம்பிக்கொண்டு வந்துவிடலாம்.

வார நாட்களில் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் வடக்கத்திக்காரர்களின் கல்யாண வரவேற்புக்குப் பாடுகிறேன். கூடப் பாடுகிற ஆனந்தன் என் கணவன். போன மாசியில் படூரில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சண்டை என்று ஒன்றுமில்லை, பேச்சுதான் நின்றுபோயிருந்தது. இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கிவிடலாம் என்றான். நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். மேடையில் என்னைப் பார்த்துப் பாடும்போது அவன் குரல் குழைகிறதே, அது எப்படிப் பொய்யாகும் என்று ஓர் அசட்டு நம்பிக்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சேரி முடிந்ததும் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

அவனுக்குக் கேள்வி ஞானம். ஒருமுறை காதில் விழுந்தால் போதும், அப்படியே பாடுவான். நான் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவள், எழுதிப் படித்தே பழக்கம். எங்கள் வீட்டு ஸ்தோத்திரப் புத்தகங்களில் க, த, ப எழுத்துகளின் தலையில் இரண்டு, மூன்று, நான்கு என்று குட்டி எண்கள் இருக்கும். தமிழில் இல்லாத ஒலிகளை அப்படித்தான் காட்டுவார்கள். பெருமாளுக்குச் செய்ததை நான் இந்திப் பட இசையமைப்பாளர்களுக்கும் செய்தேன். எல்லாப் பாட்டையும் தமிழில் எழுதி எண் போட்டு வைத்திருந்தேன்.

அன்று பாடியது ஒரு பழைய படத்து டூயட். இசையமைத்தவர் சரியான குறும்புக்காரர். ஆண் ஒரு சொல்லில் வரியை முடிப்பான். வயலின்கள் ஒரு சுற்று சுற்றி ஓய்ந்ததும், பெண் அதே சொல்லை எடுத்துத் தன் வரியைத் தொடங்க வேண்டும். அவன் ‘ஸாத்’ என்று விடுவான், நான் ‘ஸாத்’ என்று எடுப்பேன். எத்தனையோ கல்யாணங்களில் பாடிக் கைதட்டல் வாங்கிய பாட்டு.

பாடி முடித்ததும் மணப்பெண்ணின் அத்தை மேடையோரம் வந்தார். சௌகார்பேட்டையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். குரலைப் புகழ்ந்தார். ஒரே ஒரு சந்தேகம் என்று சிரித்தார்.

“அவரு கூடவே வருவியான்னு கேக்கறாரு. நீ ஏழு, ஏழுன்னு பதில் சொல்றியேம்மா?”

‘ஸாத்’தின் கடைசி ‘த’வை மூச்சுக் காற்றோடும், காற்றில்லாமலும் சொல்லிக் காட்டினார். தாளைப் பார்த்தேன். ‘கூடவே’ என்ற பொருள் வர ‘த’வின் தலையில் இரண்டு போட்டிருக்க வேண்டும். நான் எண்ணே போடவில்லை. வெறும் ‘த’ போட்டால் இந்தியில் ‘ஏழு’ என்று அர்த்தமாம்.

கூட்டம் அதே பாட்டை ஒன்ஸ்மோர் கேட்டது. இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து பாடினேன். வலிக்கும் என்று பயந்தேன். வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. அவன் வழக்கம்போலக் குழைந்தான். நான் சொல்லைச் சரியாக எடுத்தேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் போய், இத்தனை நாள் நான் தப்பாகப் பாடியது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“இன்னா தப்பு சௌந்தரா?”

விளக்கிச் சொன்னேன்.

“நீ இன்னா பாடறன்னு நா எங்க கேட்டேன்? என் லைன் எப்ப வரும்னு பாத்துகினு இருப்பேன்” என்றான். குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ மட்டும் கேட்டியா? நா கரெக்டா தான பாடிகினு இருந்தேன்” என்றான்.

நான் கேட்டதில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

“கையெழுத்துப் போட்டுடறேன்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு மீதி ஒயரையும் சுற்றி முடித்தான்.